பெட்டிக்குள் உள்ளூர் நேரம்

"யாரும் மூச்சு விடாதீங்க!" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார் கம்ப்யூட்டர் அக்கா. ரத்த வங்கியில் எல்லோருக்கும் அவர் அக்காதான்; அவரைவிட மூத்த டாக்டருக்கும்கூட. கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிற நாட்களில் அவர் உட்காருவதே இல்லை. செருப்பு மேசைக்கு அடியில் கிடக்கும். டீ ஆறி ஏடு கட்டியிருக்கும்.

கணினிப் பெட்டிக்குள், மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும் சின்னக் கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியதை, வைக்கவே விரும்பும். இங்குள்ள பழைய லேபிள் இயந்திரமோ அந்தக் கடிகாரத்தை நேரடியாகப் படித்து, ரத்தப் பையில் ஒட்டும் சீட்டில் மணியை அச்சடிக்கும். அதற்கு உள்ளூர் நேரம்தான் வேண்டும். "ரெண்டும் விட்டுக்கொடுக்காது. நான்தான் பஞ்சாயத்து!" என்கிறார் அக்கா.

மூன்று வருடம் முன்பு பெட்டிக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடும்படி லினக்ஸின் சொந்தக் கோப்பிலேயே ஒரு திருத்தத்தைச் செய்து வைத்திருந்தார். பதிப்பு மாற்றும்போது, உங்கள் கோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவா என்று திரை கேட்டது. பத்துக் கேள்விக்கு 'சரி' தட்டிய வேகத்தில் இதற்கும் 'சரி' தட்டிவிட்டார்; திருத்தம் அழிந்துவிட்டது. நடுப்பகலில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனது. காலையில் எடுத்த ரத்தமும் மதியம் எடுத்ததும் சீட்டில் ஒரே மணியைக் காட்டின, பிரிக்க வழியில்லை. நாற்பத்தொரு பைகளைத் தூக்கிப்போட்டார்கள். "ஒவ்வொண்ணும் ஒருத்தர் கைய நீட்டிக் குடுத்தது" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

இப்போது திருத்தம் தனிக் கோப்பில், புதுப்பிப்பு கைவைக்காத இடத்தில் இருக்கிறது. "லினக்ஸ்காரங்க வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சா, வெள்ளையடிக்கிறப்ப புடுங்கிருவாங்க. நம்ம சுவத்துல அடிச்சுக்கணும்!"

அவர் வேலையைப் பார்க்க நான் போன அன்று பெரிய பதிப்பு மாற்றம். வெளியே ஒன்பது பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள். கணினி அணைந்து எழுந்தது. லினக்ஸின் பழைய கோப்பையே காணோம்! இந்த முறை ஒரு வார்த்தை கேட்காமல் புதுப்பிப்பு அதைத் தூக்கிவிட்டிருந்தது.

"தூக்கட்டும், தூக்கட்டும்! நம்மளோடது இருக்கு பாருங்க" என்று துள்ளினார் அக்கா. லேபிள் இயந்திரம் கறகறவென்று சோதனைச் சீட்டைத் துப்பியது. பத்து பதினேழு. சரியான நேரம்! நான் கைதட்டியே விட்டேன்.

நர்ஸ் முதல் ஆளைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

"இரும்மா. நிஜப் பையில மணி தப்பா விழுந்தா, வீணாப் போறது என்னோடதா இருக்கட்டும்."

அக்கா வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார். கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டினார்.