ஆணியில் தொங்கிய கௌதாரி

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் மைன்ஸில் ஆபரேட்டர். ஒல்லியானவர். சும்மா நிற்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தன் வாசல் கதவில், தலைகீழாகத் தொங்கும் செத்த கௌதாரி ஒன்றை வரைந்தார். ஆணி, கயிறு, பக்கத்தில் விழும் நிழல், எல்லாமே பெயின்ட். பால்காரர் தொட்டுப் பார்த்துத்தான் நம்பினார். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஆபரேட்டர் படியில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி அதைப் பார்ப்பார்.

“காலையில கதவத் தொறந்ததும் செத்த பறவை முகத்துலயா முழிக்கிறது?” என்று என் மனைவி அவரிடமே கேட்டுவிட்டாள்.

“ஊர்ல எங்க கொல்லக்காட்டுல கௌதாரி புடிச்சா இப்படித்தாங்க மாட்டி வப்போம். இப்ப அந்த நெலமே மைன்ஸுக்குப் போயிடுச்சி,” என்றார்.

மறுநாளே கதவின் பச்சையைப் பூசிக் கௌதாரியை அழித்துவிட்டார். ஆணியும் கயிறும் நிழலும் அப்படியே இருந்தன.

“நிழல விட்டுட்டீங்களே?” என்றேன்.

“கௌதாரியத்தான எடுக்கச் சொன்னாங்க,” என்று சொல்லிக்கொண்டே ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போது எங்கள் கதவைத் திறந்தால் அந்த நிழல்தான் கண்ணில் படுகிறது. அந்தக் கதவெதிரே, கௌதாரி தொங்கிய இடத்து வெறும் காற்றில், என் மனைவி கையை நீட்டித் துழாவுவதை ஒருநாள் பார்த்தேன். அவள் இல்லாதபோது நானும் துழாவியிருக்கிறேன்.