சயாமாவின் பெரிய லீவு

எங்கள் வீட்டு மாடியறையில் ஓராண்டு குடியிருந்த ரஷ்ய அம்மையாரை, டீச்சர்களை அழைக்கும் பர்மிய வழக்கப்படி சயாமா என்போம். அவர் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். எனக்கு அது விளங்கவில்லை.

"அந்தக் காலத்து ஜனங்க என்ன தின்னாங்க, ஏன் ஊரைவிட்டுப் போனாங்கன்னு கண்டுபிடிக்கிற வேலை" என்றார் அப்பா. கப்பலேறி ரங்கூன் வந்த துறைமுகக் கூலியின் பேரன் அவர். நகர நடுவே கியாக்டடா பேட்டையில் பழைய தஸ்தாவேஜுகள் இருந்த அலுவலகத்துக்குத் தினமும் சயாமாவைக் கூட்டிப்போய், அந்தக் காலக் கூலிகளின் தமிழ்க் கடிதங்களை வாசித்துச் சொன்னதும் அவர்தான்.

சயாமா பகலில் ஆலையில் வேலைபார்த்து, மாலைக் கல்லூரியில் படித்து மேலே வந்தவர். தன் நாட்டுக் கிராமங்களின் பஞ்சத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஓர் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார்களாம் அங்கே அவர் பாடம் நடத்திய கல்லூரியில், மாட்டேன் என்றாராம். இதெல்லாம் பின்னாளில் அம்மா சொன்னது.

ஒரு மழைநாள் காலையில் சயாமா தன் நாட்டிலிருந்து வந்த சேதியைப் போனில் பார்த்தபடி அடுப்படிக்கு வந்தார். "இனி நான் காலேஜுக்கு வர வேண்டாமாம்" என்று அம்மாவிடம் பர்மியத்தில் சொன்னார்.

டியூஷனுக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்திருந்த எனக்குப் பொறாமை தாங்கவில்லை. எழுந்து ஓடினேன். "அப்போ உங்களுக்கு இனிமே லீவா?"

"ஆமா. பெரிய லீவு" என்று சிரித்தார். அம்மா என்னை முறைத்தாள். நான் கீழே இறங்கி, மோஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்காரம்மா தொடங்கி வீதி முழுக்க அந்த நல்ல சேதியைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளும் சயாமா பையை மாட்டிக்கொண்டு அப்பாவோடு கிளம்பினார். கல்லூரி கொடுத்த அனுமதிக் கடிதம் இனிச் செல்லாது என்று தஸ்தாவேஜு அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் தினமும் போய் நின்று பார்த்தார்.

ஊருக்குக் கிளம்பிய அன்று என்னிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே நூற்றுக்கணக்கான அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கூலியின் பெயர், ஊர், வந்த கப்பல், செத்த காரணம். எல்லாம் அவருடைய பொடி எழுத்தில்.

"பின்பக்கம் காலியா இருக்கு. படம் வரை."

"எடுத்துட்டுப் போங்க, சயாமா" என்று அப்பா கெஞ்சினார்.

"இதை அச்சடிக்க இனி யார் இருக்கா?"

அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். சயாமாவைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்து, ஓர் அட்டையின் பின்பக்கம் பூனை வரைந்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அட்டையைத் திருப்பி, எழுத்துப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனை பிடிக்கவில்லை போலும் என்று நான் இன்னோர் அட்டையை எடுத்தேன்.