பதினைந்து நொடிப் பாட்டுகள்

பிஸ்கட்டவேயில் நான் கண்விழித்த முதல் காலையில், சமையலறையிலிருந்து ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே அண்ணியின் குரல். மெட்டு பிடித்திருந்தது, ஆனால் ஒரு சொல்கூட விளங்கவில்லை. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. விமானக் களைப்பில் என் காதுதான் அடைத்திருக்கிறது என்று நினைத்து, போர்வைக்குள் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மேல்படிப்புக்காக ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்திருந்த நான், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் அறை தேடவே இல்லை. படிப்பு முடியும்வரை அந்தப் பாட்டுடனேயே விடிந்தது.

அது ஜப்பானியப் பாட்டு என்று தோசையைத் திருப்பிப் போட்டபடி அண்ணி சொன்னார். கல்யாணமான புதிதில் அவர்கள் இருவரும் யோகஹாமாவில் இருந்தவர்கள். செல்போன்கள் எல்லாம் மடக்கி மூடும்படி இருந்த காலம். கடைக்கு வரப்போகும் புதுப் போன்களைச் சோதித்துப் பார்ப்பது அண்ணனின் வேலை. அந்த நாட்டில் போன் கம்பெனிகள் பருவத்துக்கு ஒரு விளம்பரம் எடுக்குமாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பேர்போன பாடகர் யாராவது ஒருவரின் பாட்டு ஓடுமாம். டிவியில் நாலு நாள் வந்துவிட்டால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து மீன் கடைக்காரர்வரை எல்லோரும் அதையே முணுமுணுப்பார்களாம். அண்ணி ஜப்பானிய மொழியைக் கொஞ்சமாவது கற்றது அந்த விளம்பரங்களைப் பார்த்துத்தான். அண்ணன் சோதித்த போன் எந்த விளம்பரத்தில் வருகிறது என்று பார்ப்பதற்காகவே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாராம். இத்தனையும் சொன்னாரே தவிர, பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னார். ஒருநாள் அது மழையைப் பற்றியது, இன்னொரு நாள் யாரையோ வழியனுப்புவது.

அந்த வருடம் நவராத்திரிக்குப் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு ஆன்ட்டி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். எல்லோரையும் ஒரு பாட்டாவது பாடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். தனக்கு சாமி பாட்டு எதுவும் தெரியாது என்று அண்ணி மறுத்துப் பார்த்தார். விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சமையலறைப் பாட்டையே பாடிவிட்டார். பாட்டு முடிந்ததும் ஒரு பெரியம்மா கைகூப்பி, இது புத்தர் மேல் பாடியதா என்று கேட்டார். அண்ணி தலையை எப்படி அசைத்தார் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை, அது ஆமென்றும் இருந்தது, இல்லையென்றும் இருந்தது. அடுத்த வருடம் அந்த வீட்டில் அந்தப் பாட்டையே கேட்டு வாங்கிப் பாட வைத்தார்கள். அண்ணியைத் தவிர, அது போன் விற்கும் பாட்டு என்று தெரிந்த ஒரே ஆளாக நான் சுண்டலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டைப் பற்றிய அடுத்த குழப்பத்தைக் கிளப்பியவள் அண்ணன் மகள். அதற்குள் எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பக்கத்திலேயே வீடு பார்த்திருந்தேன். நான் வந்தபோது சின்னப் பிள்ளையாக இருந்தவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அம்மா பாடுவதை ஒருநாள் தெரியாமல் பதிவுசெய்து, பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆப்பில் போட்டிருக்கிறாள். முதல் முறை ஒரு பாட்டின் பெயர் வந்தது. நடுவிலிருந்து போட்டால் வேறொரு பெயர், கடைசிப் பகுதிக்கு இன்னொன்று. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “அம்மா, திஸ் இஸ் நாட் ஈவன் ஒன் சாங்.”

அண்ணி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். விளம்பரத்தில் ஒரு பாட்டு பதினைந்து நொடிதான் வரும். அதற்குமேல் ஒன்றுமே அவருக்குத் தெரியாது. தெரிந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பாடிப் பாடி ஒரே பாட்டாக்கிவிட்டார். மகள் முழுப் பாட்டுகளையும் போட்டுக் காட்டுவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். அன்று என்னை அதிசயிக்க வைத்தவர் அண்ணன்தான். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. “நான் டெஸ்ட் பண்ணுன போனுக்கா இந்தப் பாட்டு?” என்றார். இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. யோகஹாமாவில் அவர் ஒருநாளும் டிவி பார்த்ததில்லை. கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து, முதல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனவர்.

அந்த ஊரைப் பற்றி இருவரும் சொல்வது ஒன்றுக்கொன்று ஒட்டாது. அண்ணனைக் கேட்டால் உயிரை வாங்கிய காலம் என்பார். அண்ணி, தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான் என்பார். ஒரே வீட்டில், ஒரே வருடங்களில் இருந்தவர்கள். எதை நம்புவது என்று தெரியாமல் நான் இரண்டையும் கேட்டுக்கொள்வேன்.

போன வருடம் அண்ணன் மகள் டெக்ஸாஸுக்குக் கல்லூரி படிக்கப் போனாள். சில மாதங்களில், அண்ணனுக்கு யோகஹாமாவுக்குப் பக்கத்திலுள்ள டோக்கியோவுக்கு மாற்றல் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வது சரியில்லை. அவராகவே மேலதிகாரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அண்ணிக்குத் தெரியாமல் முடித்துவிட்டு, என்னிடம்தான் முதலில் சொன்னார். வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வாரியை ஊன்றி நின்றார். “எனக்கு அந்த ஊரே ஆகாது. அவளுக்காகத்தான் கேட்டேன். இத்தன வருஷமா அதத்தான பாடிக்கிட்டு இருக்கறா.”

அண்ணி வர மறுத்துவிட்டார். கோபமோ அழுகையோ இல்லை. தன் வேலையை விட முடியாது, மகள் லீவுக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும் என்றெல்லாம் காரணம் சொன்னார். பேசிப் பார்க்கச் சொல்லி அண்ணன் என்னை அனுப்பினார். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம், பிடிக்காத ஊரின் பாட்டை யாராவது இத்தனை வருடம் பாடுவார்களா என்று கேட்டேன்.

“பாட்டு வேற, அந்த வீடு வேற கண்ணு,” என்றார். “பேச ஆளில்லாம டிவி கூடச் சேந்து வாயசைச்சுக்கிட்டு இருந்தேன். புடிச்சுப் பாடுனனா, பழகிப்போய்ப் பாடுனனா, எனக்கே தெரியல.”

“நல்ல காலம்னு நீங்கதானுங்கண்ணி சொன்னீங்க?”

“அதும் நெசந்தான்.”

நானும் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் தனியாகப் போனார். வேறு வழியில்லை, அவருடைய இங்கத்திய வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். இரண்டு மாதம் இருவரும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். அங்கே என்ன சாப்பிட்டார், இங்கே ஹீட்டர் சரியானதா என்பதைத் தாண்டிப் பேச்சு போனதாகத் தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னைக் கூப்பிட்டு, விமான நிலையத்தில் கொண்டுபோய் விட முடியுமா என்றார். அலுவலகத்தில் மூன்று வாரம் விடுப்பு வாங்கியிருந்தார். நியூவர்க் விமான நிலையத்துக்குக் காரோட்டும்போது, அண்ணனோடு இருக்கப் போகிறாரா, அவரைக் கூட்டிவரப் போகிறாரா என்று கேட்டேன். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

மூன்று வாரம் போய்விட்டது. திரும்பிவரும் டிக்கெட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறார். அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு கேட்டிருப்பதாக மகள் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. நேற்று போனில் பேசும்போது, இப்போது அங்கே விளம்பரங்களில் என்ன பாட்டு வருகிறது என்று சும்மா கேட்டேன்.

“எங்க கண்ணு பாக்கறது? உங்கண்ணன் சாயந்தரம் ஆறு மணிக்கே வந்தர்றாரு. டிவி போடவே நேரமில்ல,” என்றார்.

சந்தோஷமாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பதற்குள், அண்ணன் கூப்பிடுகிறார் என்று போனை வைத்துவிட்டார்.