பெயர் இல்லாத பிள்ளையும் அரசு இல்லாத நாடும்

"பிள்ளைக்கு என்ன பேர்?"

மெல்போர்ன் சந்தையில் வாஃபிள் சுட்டு விற்கும் பெல்ஜியக்காரர் கேட்கிறார். சிட்னியிலிருந்து காரில் வந்த வழியெல்லாம் யாராவது கேட்ட கேள்விதான். மகள் பிறந்து ஆறு வாரமாகியும் என்னிடம் பதில் இல்லை. குளிர்காற்று காதில் படுமோ என்று அவள் குல்லாவை மறுபடியும் இழுத்துவிடுகிறேன். எங்கள் மதுரை வீட்டில் மீனாட்சி என்றும், கணவரின் யாழ்ப்பாணத்து வீட்டில் துஷாந்தினி என்றும் பிடிவாதமாக நிற்பதை ஆங்கிலத்தில் விளக்குகிறேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "எங்க நாட்டுல தேர்தல் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. டச்சு பேசுற கட்சிகளும் பிரெஞ்சு பேசுற கட்சிகளும் இன்னும் கூட்டணி பேசிக்கிட்டே இருக்காங்க. பழைய பிரதமர்தான் காபந்து அரசு நடத்துறார். ஆனாலும் ரயில் ஓடுது, குப்பை அள்ளுறாங்க. உங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே மொழிதானே?"

"ஓம், அதுதான் பிரச்சினை," என்று கணவர் என் காதில் தமிழில் முணுமுணுக்கிறார். "சொல்லுறதெல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் விளங்குது."

"அதுவரைக்கும் காபந்துப் பேர் என்ன?" என்று கேட்கிறார் வாஃபிள்காரர்.

"பாப்பா," என்கிறேன் நான். "பிள்ளை," என்கிறார் கணவர், அதே நொடியில். மகள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வாஃபிள்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பிறப்பைப் பதிவு செய்யும் கெடு நெருங்குகிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவில் நின்று பெயர் வைத்தவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். புதுப் பெயர் மட்டும் சொல்லிவிடாதீர்கள்; மூன்றாவது கட்சியை எங்கள் வீடு தாங்காது.