மணிவீரனுக்கு ஓர் அக்கா இருந்தாள்

வடசேரி தெய்வநாயகம் பிள்ளை கோர்ட்டில் குமாஸ்தா. ஆனால் ஊருக்கெல்லாம் அவர் ‘மணிவீரன் பிள்ளை’. பவளத்தீவு மணிவீரனின் சாகசங்களை 1948-இல் தொடங்கி நாலே வருஷத்தில் ஐந்து பாகம் எழுதித் தள்ளியவர். பறக்கும் பாய், பேசும் மண்டையோடு, ஒற்றைக்கை அரக்கன் என்று பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து படித்தார்கள். பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒளித்து வைத்துப் படித்தார்கள்.

அரக்கனுக்கு ஒற்றைக்கைதான் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தவள் அக்கா வடிவாம்பாள். தாயில்லாத தம்பியை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள். எழுத்து வாசனை கிடையாது. ஞாயிறுதோறும் பிள்ளை அவள் வாழ்க்கைப்பட்ட இராஜாக்கமங்கலத்துக்குப் போய் எழுதியதை வாசிப்பார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

“நில்லுலே! எடது கை ரெண்டாம் பாகத்திலயே போச்சுல்லா? வலது கையில மண்டையோடு இருக்கு. பொறவு வாளை எதால எடுக்கான், காலாலயா?”

பிள்ளை சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்துவார்.

1952-இல் அச்சாபீஸ் ஜெபசீலனும் ஒருநாள் கூட வந்தார். மணிவீரன் பிறந்த கதையை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

“மூணாம் பாகத்துல மணிவீரனுக்க அக்கா மரகதவல்லி உயிருக்குப் பதிலா கூந்தலை அறுத்துக் குடுத்தாளே, அது நான் சொன்னதாக்கும். எழுதும்போ இவன் அவளைக் கொல்லப் பாத்தான்.”

“அப்போ அட்டையில அக்கா பேரைத்தான் போடணும்” என்று சிரித்தார் ஜெபசீலன்.

விளையாட்டுப் பேச்சு, விட்டுவிட வேண்டியதுதானே! பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “கதை எழுதுதது கீரை ஆயுற சோலியா? உன் பேரை எழுதத் தெரியுமா உனக்கு?” என்று அந்நிய மனிதர் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அக்கா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு பல மாதம் பிள்ளை அந்தப் பக்கம் போகவில்லை.

‘மணிவீரன் பிறந்த கதை’யைத் தனியாகவே எழுதினார். தாய் இறந்த காட்டில் குழந்தை தன்னந்தனியே கிடக்கிறது. ஒரு மான் பால் கொடுத்து வளர்க்கிறது. புத்தகம் நன்றாகவே போயிற்று. பிறகு தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வாசகர் ஒருவரின் கார்டு வந்தது: ‘ஐயா, மூன்றாம் பாகத்தில் மரகதவல்லி, உன்னை இடுப்பில் சுமந்து இந்தக் காட்டைக் கடந்தேன் தம்பி என்கிறாளே. பிறந்த கதையில் அவள் எங்கே?’

பிள்ளை மூன்றாம் பாகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே விட்டிருந்தால் கோபத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பாவி மனுஷன், அவளை மறந்தே போயிருந்தார்.

அன்றைக்கே இராஜாக்கமங்கலத்துக்கு ஓடினார்.

“வாங்க, இரிங்க” என்றாள் அக்கா.

யாரைச் சொல்கிறாள் என்று பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“அக்கா, தப்புப் பண்ணிட்டேன். மரகதவல்லியை விட்டுட்டேன்.”

“மக பகவதி வாசிச்சா, கேட்டேன். இதுல என்ன தப்பு? அந்த மானுதான் மரகதவல்லின்னு எழுதிப் போடுங்க. சாபத்துல மானா இருந்தா. சாபம் தீந்த பொறவு தம்பியை இடுப்புல தூக்கிட்டுப் போனா. ரெண்டும் ஒத்துப் போவும்.”

பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஒருவாட்டி ஏலேன்னு கூப்பிடுக்கா.”

“புஸ்தகம் எழுதுதவங்களை அப்படிக் கூப்பிடலாமா? காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

ஆறாம் பாகத்தில் மான் அக்காவானாள். என்ன பொருத்தம் என்று வாசகர்கள் எழுதிக் குவித்தார்கள். பிள்ளை பழையபடி ஞாயிறுதோறும் போய் வாசித்தார். அக்காவும் கேட்டாள். எதை வாசித்தாலும் “நல்லாருக்கு” என்பாள்.

1956-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமென்றே தப்பாக எழுதிக்கொண்டு போன ஒரு வரியைப் பிள்ளை நிறுத்தி நிதானமாக, சத்தமாக வாசித்தார்: ‘அரக்கன் தன் இடது கையால் வாளை உருவினான்.’

வாசித்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த தண்டை எடுத்தது.

“நல்லாருக்கு. மேல வாசிங்க.”