ராணி படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி

ஒர்தெஸ் ஊரில் துணி வெளுத்துப் பிழைத்தவள் யூதித். அவள் அடுக்களைச் சுவரில், செப்புத் தகட்டில் கோடுகோடாகச் செதுக்கி அச்செடுத்த ராணி ழானின் படம் இருந்தது. நூறு வருடங்களுக்கு முன், ஒர்தெஸ் அடங்கிய அந்தச் சிறு நாட்டை ஆண்டவள். கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்த சபையில் சேர்ந்ததற்காகப் போப்பாண்டவர் விசாரணைக்கு அழைத்தபோதும், கட்டிய கணவனே பூசைக்கு வரச் சொல்லி நெருக்கியபோதும் மசியாதவள். யூதித்துக்குப் படிக்கத் தெரியாது. அந்த முகத்தில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

1685இல், யூதித்தைப் போன்ற சீர்திருத்த சபையாரைக் கத்தோலிக்கராக மாற்ற அரசர் குதிரைப்படையை அனுப்பினார். வீட்டுக்கு வீடு சிப்பாய்கள். மாறுகிறவரை அவர்களுக்கு ஆக்கிப் போட வேண்டும், வசவும் வாங்க வேண்டும். யூதித்தின் கணவன் இசாக் முதல் வாரமே மாறுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் போடவில்லை. படத்தையாவது எரித்துவிடு என்று அவன் கெஞ்சினான். அவள் படத்தின் அடியிலிருந்த பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே விட்டாள்.

அவர்கள் வீட்டுக்கு வந்த சிப்பாய் இவோன், தலை நரைத்தவன், தொலைவிலுள்ள பிரெத்தான் நாட்டுக்காரன். படத்தில் இருப்பது யாரென்று கேட்டான். புனித மார்த்தா என்று இசாக் முந்திக்கொண்டான். இவோன் தொப்பியைக் கழற்றினான். மறுநாள் முதல் தினமும் காலையில் அதன் முன் மெழுகுவர்த்தி ஏற்றி மண்டியிட்டான். அவன் சொந்த ஊரில் மகள் அன்னிக் காய்ச்சலில் கிடந்தாள்.

முதல் இரண்டு நாள் யூதித் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மூன்றாம் நாள், மகள் பெயரைச் சொல்லி வேண்டும்போது அவன் குரல் உடைந்தது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாள் சொல்லிவிட்டாள்.

"எழுந்திருங்க ஐயா. அது மார்த்தா இல்ல. எங்க ராணி ழான்."

இசாக் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அப்போ இத்தனை நாளா நான் யாருகிட்ட அழுதேன்?" என்றான் இவோன்.

"ராணிக்குக் கேட்டிருக்காது. கேக்கவேண்டியவர் கேட்டிருப்பாரு. உங்க பொண்ணுக்காக நானும் வேண்டிக்கட்டுமா? எங்க வழக்கப்படிதான் வேண்டுவேன்."

அவன் திரியை விரலால் நசுக்கி அணைத்தான்.

"வேண்டு. சத்தமா வேண்டு, என் காதுல விழணும்."

அவள் நின்றபடியே வேண்டினாள். வேண்டுதலில் வந்த அவள் ஊர்ப் பேச்சு அவனுக்குப் பாதிதான் புரிந்தது. முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டான். படத்தைப் பற்றி யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் கையெழுத்துப் போடாதவர்களின் பட்டியல் வந்தது. அவளை, போ என்ற நகரத்திலிருந்த கன்னியர் மடத்தில் அடைக்கக் கூட்டிப்போகும் வேலை அவனுக்கே விழுந்தது. வழி நெடுக அவள் மூட்டையை அவன்தான் சுமந்தான். மடத்து வாசலில் அதை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அன்னிக் பிழைத்தாளா என்பது யூதித்துக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

கடைசிவரை கையெழுத்துப் போடாத அவளை இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து வெளியே விட்டார்கள். அவளைக் கூட்டிப்போன அன்றே படத்தை எரித்துவிட்டதாக இசாக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பயந்துட்டீங்க," என்றாள். "நானும்தான் பயந்தேன்."

பிறகு பத்தொன்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். ஞாயிறுதோறும் அவன் பூசைக்குப் போனான். அவள் வீட்டிலேயே இருந்தாள். அதற்காக அவனை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை.

அவள் இறந்தபோது, மதம் மாறாதவளுக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். துணி உலர்த்தும் புல்வெளியில் இசாக்கே குழி வெட்டினான். அக்கம்பக்கத்தார் வேலிக்கு அப்பால் நின்று பார்க்க, பட்டப்பகலில், அரசர் தடைசெய்திருந்த சபையாரின் சங்கீதப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் பாடினான்.