சவுண்டு இல்லாத ஒன்பது நிமிஷம்

கண்ணகிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆரணியில் பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குச்சு முடிவது அவள் வேலை. மகள் துர்கா வேலூரில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் மாணவர் குறும்பட விழா என்றதும் அம்மாவையே ஒன்பது நிமிஷப் படமாக எடுத்துவிட்டாள். கண்ணகி கைகளால் பேசுவாள், கீழே எழுத்து ஓடும், சத்தமே கிடையாது, அவ்வளவுதான்.

விழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் கண்ணகி முதலில் கையை ஆட்டினாள். கணவன் ஜெயவேல் லோடு ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்ற பிறகுதான் புடவை மாற்றப் போனாள்.

அரங்கில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. துர்கா மேடைக்குப் பின்னால் இருந்தாள். நான்காவதாக அவள் படம். திரை முழுக்கத் தன் முகம் வந்ததும் கண்ணகி ஜெயவேலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பின் வரிசைகளில் கூச்சல் கிளம்பியது.

"சவுண்டு! சவுண்டு வரல!"

மிஷின் பக்கம் இருந்த மாணவன் ஏதோ கோளாறு என்று நினைத்துப் படத்தை நிறுத்திவிட்டான். விளக்கு எரிந்தது.

கண்ணகிக்கு இதொன்றும் தெரியாது. தன் முகம் வந்தது, பலபேர் வாயைத் திறந்து கத்தினார்கள், திரை அணைந்துபோனது. அவள் பார்த்தது அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, போகலாம் என்று ஜெயவேலுக்குக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது.

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற ஆள் ஜெயவேல். கல்யாணத்துக்குப் போனால்கூட ஓரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். இப்போது எழுந்து நின்றான்.

"தம்பி, மிஷினு நல்லாதான் கீது. படத்துல கீறவங்களுக்குக் காது கேக்காது, பேச வராது. படமே அப்டிதான். மொதல்லருந்து போடுங்க."

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களாண்ணா?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"என் வீட்டுக்காரம்மா. தோ, இங்கதான் நின்னுகினு கீறாங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண் கண்ணகியைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணகி உட்கார்ந்தாள்.

படம் மறுபடி ஓடியது. அரங்கில் ஃபேன் சத்தம் மட்டும்தான். திரையில் கண்ணகி துர்காவின் கைக்குழந்தைக் காலத்தைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் களம்பூருக்கு அரிசி லோடு ஏற்றப் போய்விடுவார். நான் குச்சு முடியும்போது முதுகுக்குப் பின்னால் தூளியில் குழந்தை தூங்கும். அழுதால் எனக்குத் தெரியாதே. அதனால் மிச்சப் பட்டு நூலைத் திரித்துத் தூளியில் ஒரு முனை, என் கால் கட்டைவிரலில் ஒரு முனை. குழந்தை அழுது புரண்டால் விரல் இழுபடும். ஓடிப்போய்த் தூக்குவேன்.

ஜெயவேல் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. ஆனாலும் புரிந்தது. பக்கத்திலிருந்தவளிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கையால் கேட்டான்.

நீ கேட்கவில்லையே என்றாள் அவள், சாதாரணமாக.

பரிசு வேறு படத்துக்குப் போனது. துர்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. பழைய நைட்டியோடு எடுத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

ஆரணி பஸ்ஸில் ஜெயவேல் ஜன்னலோரத்தை மனைவிக்குக் கொடுத்தான். குழந்தை முதலில் எப்போது நடந்தது? காய்ச்சல் வந்தால் என்ன செய்தாய்? எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இருக்கிறது? அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பதில் சொல்லக் கண்ணகிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பையை அவன் மடியில் வைத்தாள்.